புதுப்பிப்பு: பாலுண்ணியை விடலாம், சிரங்கை விடக்கூடாது

குழந்தைகளின் பாலுண்ணிக்குப் பெரும்பாலும் மருந்து வேண்டாம் என்று எழுதியிருந்தேன். அதில் மாற்றமில்லை. ஜவ்வரிசி போலப் பளபளப்பு, நடுவில் சின்னக் குழி. பொதுவாக 6 முதல் 18 மாதத்தில் தானே போகும். படித்துறைக் குளியலை நிறுத்த வேண்டாம், துண்டு மட்டும் தனி. இமையோரம் வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

கும்பகோணம், மன்னார்குடிப் பக்கம் சிலர் சிரங்கையும் அப்படியே விட்டிருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்! ராத்திரியில் அரிப்பு கூடி, விரலிடுக்கில் பொரிப்பொரியாக இருந்தால் சிரங்காக இருக்கலாம். அது தானாகப் போகாது. டாக்டர் உறுதி செய்ததும், சிரங்குப் பூச்சியைக் கொல்லும் 5% பெர்மெத்ரின் க்ரீமைக் கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, நகக்கண்ணிலும் பூசி, 8 மணி நேரமாவது விட்டுக் குளிக்கவேண்டும். 7 நாள் கழித்து மறுபடி. கைக்குழந்தைக்கு டாக்டர் சொல்கிறபடி மட்டும். வீட்டில் எல்லோரும், அரிப்பே இல்லாத தாத்தா பாட்டியும்கூட, அதே ராத்திரி பூசவேண்டும். ஒருவர் விட்டாலும் திரும்ப வரும். அன்றே போர்வையை வெந்நீரில் துவைத்து வெயிலில் போடுங்கள். பிறகும் 2 முதல் 4 வாரம் அரிக்கும். அதற்காகத் தினமும் பூசாதீர்கள்.