'இமா கிதே இமாஸ்' என்று அனுப்பினேன், சீனியர் நிலையம் முழுக்கத் தேடியிருக்கிறார். எங்கே தப்பு?

நிஷிகசாய் புதுசு:
தோக்கியோ வந்து நாலு மாதம். ஜப்பானிய மொழித் தேர்வின் தொடக்க நிலையான என்5-க்கு நானாகவே படிக்கிறேன். '-தே இமாஸ்' வந்தால் '-கொண்டிருக்கிறேன்' என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். தபெதே இமாஸ், சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். யொந்தே இமாஸ், படித்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை சிக்கலில்லை. (தமிழ் எழுத்தில் போடுகிறேன், 'தே'வை அழுத்தி வாசியுங்கள்.)

நேற்று அலுவலக சீனியர் ஓத்தேமாச்சி நிலையத்தில் காத்திருந்தார். நான் தோசாய் ரயில் தடத்தில், அப்போதுதான் கிபா நிலையம் தாண்டியிருந்தேன். வந்துகொண்டிருக்கிறேன் என்று சொல்வதற்காக 'இமா கிதே இமாஸ்' என்று செய்தி அனுப்பினேன். உடனே 'எந்த வாசல்?' என்று கேட்டார். அடுத்து 'காணோமே' என்றார். அங்கே ஐந்து சுரங்க ரயில் தடங்கள் சந்திக்கின்றன. மனிதர் டிக்கெட் வாசல் ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்திருக்கிறார்! 'இமா' என்றால் இப்போது, 'குரு' என்றால் வா, அதன் தே வடிவம் 'கிதே'. சரியாகத்தானே போட்டேன்?

கஞ்சி பயம்:
இலக்கணம் சரி, வினைதான் தப்பு நண்பரே. கேட்பவர் இருக்கும் இடத்துக்கு என்றாலும் ஜப்பானியர்கள் 'போகிறேன்' என்றுதான் சொல்வார்கள். நாம் 'இதோ வர்றேன்' என்போம், இங்கே 'இமா இக்கிமாஸ்'. ஆகவே 'இமா இத்தே இமாஸ்' என்று அனுப்பியிருக்க வேண்டும்.

ஏழு வருஷம் ஆச்சு:
முதல் பாதி சரி. கடைசி வரியைக் கேட்டு நடந்தால் சீனியர் இன்னொரு தடவை தேட வேண்டியிருக்கும். 'இத்தே இமாஸ்' என்றால் போயிருக்கிறேன், அதாவது போய் அங்கேயே இருக்கிறேன். 'கிதே இமாஸ்' என்றால் வந்திருக்கிறேன். அதனால்தான் அவர் தேடினார்.

புதுசு, நோட்டில் இருப்பதை முழுசாக அடிக்க வேண்டாம். சாப்பிடு, படி, ஓடு, எழுது எல்லாம் கொஞ்ச நேரம் நீளும் செயல்கள். அவற்றோடு '-தே இமாஸ்' சேர்ந்தால் பெரும்பாலும் '-கொண்டிருக்கிறேன்'தான். வா, போ, சாவு, கல்யாணம் செய், விளக்கு எரியத் தொடங்கு, இவையெல்லாம் ஒரு நொடியில் நிலை மாறிவிடுபவை. இவற்றோடு சேர்ந்தால் மாறிய பிறகு உள்ள நிலையைத்தான் சொல்லும். 'கெக்கோன் ஷிதே இமாஸ்' என்று யாராவது சொன்னால் தாலி கட்டிக்கொண்டிருக்கிறார் என்று நினைக்காதீர்கள், அவர் கல்யாணமானவர். 'ஷிந்தே இமாஸ்' என்றால் செத்துக்கிடக்கிறது. இழுத்துக்கொண்டிருக்கும் மீனைப் பார்த்து அப்படிச் சொல்லக் கூடாது. 'தென்கி கா த்சுயித்தே இமாஸ்', விளக்கு எரிகிறது.

இதை முதலில் ஒழுங்குபடுத்தியவர்களில் ஜப்பானிய மொழியியலாளர் கிந்தாய்ச்சி ஹருஹிகோ முக்கியமானவர். 1950-ல் வந்த கட்டுரையில் வினைகளை நான்கு வகையாகப் பிரித்தார். நீளும் வினை, நொடி வினை தவிர, தே இரு ('-தே இமாஸ்' என்பதன் சாதாரண வடிவம்) சேராதவை ஒரு வகை, எப்போதும் தே இருவோடே வருபவை இன்னொரு வகை. என்5-க்கு முதல் இரண்டும் போதும்.

தமிழருக்கு இதில் ஒரு வசதி உண்டு. 'வந்து + இரு' என்று அப்படியே பிரித்துப் பாருங்கள், 'கிதே + இரு'தான். 'கொண்டு' என்று நாம் நடுவே செருகுவது ஜப்பானியத்தில் கிடையாது, அதனால் வினையே அந்த வேலையைச் செய்கிறது.

மிளகு ரசம்:
இங்கே இரு, அங்கேயும் இரு! உறவு மொழிதானே?

ஏழு வருஷம் ஆச்சு:
ஜப்பானிய மொழியியலாளர் ஓனோ சுசுமு அப்படித்தான் வாதாடினார், மற்ற மொழியியலாளர் பெரும்பாலோர் ஏற்கவில்லை. மனப்பாடம் செய்ய உதவினால் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹிரோஷிமா மருமகள்:
ஒன்று சேர்க்கிறேன். 'சகுரா கா சித்தே இரு' என்றால் பூ உதிர்ந்துகொண்டிருக்கிறதா, உதிர்ந்து கிடக்கிறதா? இரண்டும்தான், சூழலை வைத்துப் புரிந்துகொள்ள வேண்டும். ஆனால் எங்கள் மாமியார் பேச்சில் குழப்பமே வராது. கண்ணெதிரே உதிர்ந்தால் 'சிரியொரு', தரையில் கிடந்தால் 'சித்தொரு'. மேற்கு ஜப்பானில் பல வட்டாரங்களில் இந்தப் பிரிவு உண்டு. முதல் தடவை கேட்டபோது, நம்ம ஊர் மாதிரி பிரித்துச் சொல்கிறார்களே என்று சந்தோஷமாக இருந்தது. தேர்வில் எழுதிவிடாதீர்கள், வட்டார வழக்கு.

நிஷிகசாய் புதுசு:
அப்போ ரயிலில் இருக்கும்போது என்னதான் அனுப்புவது அண்ணா?

ஏழு வருஷம் ஆச்சு:
'இமா முகத்தே இமாஸ்', அந்தப் பக்கம் நோக்கி வந்துகொண்டிருக்கிறேன். முகம் அந்தப் பக்கம் என்று நினைவில் வையுங்கள், மறக்காது. (தமிழ்ச் சொல்லோடு சம்பந்தமில்லை, மிளகு ரசம் ஆரம்பிக்க வேண்டாம்.) சாப்பாட்டின் நடுவில் யாராவது கூப்பிட்டால் 'தபெதே இரு தொகொரோ' என்று தொடங்கலாம், இந்த நொடி நடப்பது என்று உறுதியாகிவிடும்.

அது சரி, செய்தியை கஞ்சியில் (பொருளைக் காட்டும் சீன எழுத்து) அனுப்பினீர்களா, ஒலியை மட்டும் காட்டும் ஹிராகானாவிலா?

நிஷிகசாய் புதுசு:
ஹிராகானா. கஞ்சி இன்னும் ஐம்பதுகூடத் தாண்டவில்லை.

ஏழு வருஷம் ஆச்சு:
அப்படியானால் அதே எழுத்துகளில் 'சட்டை போட்டிருக்கிறேன்' என்றும் வாசிக்கலாம். உடுத்து என்பதற்கும் தே வடிவம் 'கிதே'தான்.

நிஷிகசாய் புதுசு:
'எந்த வாசல்?' என்று மட்டும் கேட்டாரே, நல்ல மனிதர்.