1964 எஃப்-100: பின் டிரம்முக்குள் ஆயில். சீல் மட்டும் மாற்றினால் போதுமா, ஆக்சிலையே பிரிக்கணுமா?

நீலவண்டி64:

எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1964 ஃபோர்டு எஃப்-100 பிக்கப். பின்னால் 9 அங்குல ஆக்சில், நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக், மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைத் தள்ளுவது) அந்தக் காலத்து ஒற்றை அறை வகை. பல வருடம் ஷெட்டில் நின்ற வண்டி. எஞ்சின் வேலை முடிந்ததும் மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். பிரேக்கை லேசாகத் தொட்டாலே வலது பின் சக்கரம் மட்டும் வெடுக்கென்று பிடித்துக்கொள்கிறது. ஹேண்ட் பிரேக் பேருக்குத்தான் இருக்கிறது.

வலது டிரம்மைக் கழற்றினேன். பிரேக் ஷூ இரண்டும் (டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் வளைந்த துண்டுகள், அவற்றின் மேலுள்ள உராய்வுப் பட்டைதான் லைனிங்) கறுப்பாக ஊறிப் போயிருக்கின்றன, ஷூவைத் தாங்கும் பேக்கிங் பிளேட்டின் அடியில் கெட்டியான சேறு. இடது பக்கம் லைனிங் காய்ந்துதான் இருக்கிறது, ஆனால் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை விரலால் ஒதுக்கினால் உள்ளே ஈரம். மெதுவாகப் போகும்போது வலது பின்னால் ஒரு கரகரப்பு கேட்கிறது. டிஃபரன்ஷியலில் சத்தமே இல்லை, ஆக்சிலரேட்டரை மிதித்தாலும் சரி, விட்டாலும் சரி.

என் கேள்விகள்: ஊறின லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி, சூடு காட்டிப் பயன்படுத்தலாம் என்கிறார் ஒருவர், சரியா? சீலை (ஆயில் வெளியே வராமல் தடுக்கும் வளையம்) மட்டும் மாற்றினால் போதுமா, பேரிங்கையும் எடுக்கணுமா? இவ்வளவு தூரம் கழற்றியாச்சு, கிரவுன் பினியனையும் (டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் பல்சக்கர ஜோடி) திறந்து பார்த்துவிடலாமா?

பழைய இரும்பு:

தம்பி, முதலில் கடைசிக் கேள்விக்குப் பதில். திறக்காதே. மிதிக்கும்போதும் விடும்போதும் சத்தமில்லாத கிரவுன் பினியன், இத்தனை வருடம் ஒன்றோடொன்று பழகி உட்கார்ந்திருக்கிறது. புது ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு), புது பேரிங் என்று கை வைத்தால் பல் உரசும் இடம் மாறும், அப்புறம்தான் ஊளைச் சத்தம் ஆரம்பிக்கும். ஆனால் பிரேக் பக்கம் எதையும் "இது பரவாயில்லை" என்று விட்டுவைக்காதே. உன் வண்டிக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: நடுவில் கை வைக்காதே, இரண்டு ஓரத்தையும் முழுசாகப் பிரி.

லைனிங்கைக் கழுவும் பேச்சே வேண்டாம். லைனிங் ஆயிலைக் குடிக்கும். மேலே காய்ந்தது போலத் தெரியும், நாலு தடவை பிரேக் பிடித்துச் சூடானதும் உள்ளே இருப்பது திரும்ப மேலே வரும். உன் வண்டியின் டிரம் பிரேக்கில் ஒரு ஷூ சுழற்சியோடு சேர்ந்து இழுபட்டு அடுத்த ஷூவைத் தள்ளும், அதனால் விசை தானாகவே பெருகும். லேசாக ஆயில் பட்ட லைனிங் வழுக்குவதற்குப் பதில் வெடுக்கென்று பிடிப்பது இதனால்தான். இரண்டு பக்கத்துக்கும் புது ஷூ போடு. ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி இழுக்கும்.

இன்னொன்று, 1964 வண்டியின் பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் என்றே வைத்துக்கொள். காற்றடித்துத் தூசியை ஊதாதே. தண்ணீர் தெளித்து, ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்து. மூக்குக்கு நல்ல மாஸ்க்.

இனி ஆயில் ஏன் வந்தது என்று பார்ப்போம். சீல் பழசு, அது சரி. ஆனால் புதுச் சீல் போட்டும் சீக்கிரமே ஒழுகுகிற வண்டிகள் நிறைய. முதலில் வென்ட்டை, அதாவது ஆக்சிலுக்குள் இருக்கும் காற்று வெளியேறும் துளையைப் பார். ஆக்சில் குழாயின் மேல், ரப்பர் ஹோஸிலிருந்து பிரேக் லைன் இரண்டாகப் பிரியும் பித்தளைக் கட்டை இருக்கும். பல ஃபோர்டுகளில் அந்தக் கட்டையைப் பிடித்திருக்கும் போல்ட்டுதான் வென்ட், நடுவில் மெல்லிய துளை போகும். மேலே பெயிண்டும் சேறும் அப்பியிருந்தால் அது வெறும் போல்ட்டு மாதிரியே தெரியும். ஓடும்போது ஹவுசிங் (ஆக்சிலின் வெளிக்கூடு) சூடாகி உள்ளே காற்று விரியும். போக வழியில்லாவிட்டால் சீலின் உதட்டைத் தள்ளிக்கொண்டு ஆயில் வெளியே வரும்.

அடுத்து ஆயில் மட்டம். நிரப்பும் துளையின் கீழ் விளிம்பு வரைதான் ஆயில் நிற்கணும். வண்டி சமதளத்தில் நிற்கும்போது மூடியைத் திறந்ததும் கொட்டினால் அதிகம். மூன்றாவது பேரிங். சக்கரத்தைச் சுழற்றும் ஆக்சில் ஷாஃப்ட்டின் நுனியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார். ஆடினால் எந்தச் சீலும் நிற்காது. நீ சொல்கிற கரகரப்பை வைத்துப் பார்த்தால் உன் பேரிங் போயாச்சு.

ஷாஃப்ட்டை எடுப்பது சுலபம். 9 அங்குல ஆக்சிலில் நடுவில் எந்தக் கிளிப்பும் கிடையாது. ஃபிளாஞ்சில் (ஷாஃப்ட்டின் நுனியில் சக்கரம் மாட்டும் தட்டு) ஒரு துளை இருக்கும். அதை, பின்னால் பேரிங் தகட்டைப் பிடித்திருக்கும் ஒவ்வொரு நட்டுக்கும் நேராகத் திருப்பி, சாக்கெட் விட்டு நாலு நட்டையும் கழற்று. ஷாஃப்ட் வராமல் அடம்பிடித்தால், தூக்கிப்போடப் போகிற பழைய டிரம்மைத் தலைகீழாக ஸ்டட்டில் மாட்டி, வீல் நட்டைத் தளர்வாகப் போட்டு, டிரம்மை இரு கையாலும் வெடுக்கென்று வெளியே இழு. சில இழுப்பில் பேரிங்கோடு வந்துவிடும். வந்ததும் ஒரு நட்டைத் திரும்பப் போட்டுப் பேக்கிங் பிளேட்டைப் பிடித்து வை. இல்லாவிட்டால் அது பிரேக் லைனில் தொங்கி லைனை முறிக்கும். இடது, வலது ஷாஃப்ட்டுக்குக் குறி போடு, நீளம் வேறாக இருக்கும்.

இப்போது பேரிங். அதற்கு உள்பக்கம் ஓர் இரும்பு வளையம் இறுக்கமாக ஏறியிருக்கும். சக்கரம் கழன்று போகாமல் பிடித்திருப்பது அந்த வளையம்தான். அதில் டிரில்லால் முக்கால்வாசி ஆழத்துக்குத் துளை போடு, ஷாஃப்ட்டைத் தொடவே கூடாது. அந்தத் துளையின் மேல் கூர்மையான உளியை வைத்து ஒரே அடி. "டக்" என்று பிளந்து வளையம் தளர்ந்துவிடும். கண்ணாடி போடாமல் இதைச் செய்யாதே. பேரிங்கைப் பிரஸ்ஸில் தள்ளும்போது கெட்டித் துணியால் சுற்று, வெளி வளையம் வெடித்துச் சிதறும்.

ஏற்றும்போது வரிசை முக்கியம்: முதலில் அந்த நாலு நட்டு பிடிக்கும் தகடு, அப்புறம் பேரிங், கடைசியில் புது வளையம். தகட்டை மறந்துவிட்டுப் பேரிங்கை ஏற்றினால் எல்லாவற்றையும் வெட்டி எடுக்கணும். பேரிங்கை முதலில் தோள் வரை முழுசாக ஏற்று, அதன் பிறகு வளையத்தைத் தனியாக ஏற்று. இரண்டையும் ஒன்றாக வைத்து ஒரே அழுத்தில் தள்ளாதே, பேரிங் சரியாக உட்கார்ந்ததா என்று தெரியாமல் போகும். பிரஸ் இல்லையென்றால் வெளியே கொடுத்துச் செய். சுத்தியலால் அடித்து ஏற்றிய வளையத்தை நம்பி வண்டி ஓட்டக் கூடாது.

லேத்காரன்:

அண்ணன் சொன்னதோடு இரண்டு விஷயம். ஷாஃப்ட் வெளியே வந்ததும் சீலின் உதடு உரசுகிற பட்டையை நன்றாகத் துடைத்து நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் மாட்டுகிற அளவுக்குப் பள்ளம் இருந்தால் புதுச் சீலும் அதே பள்ளத்தில்தான் ஓடும், ஒழுகும். இதற்கென்று மெல்லிய எஃகு ஸ்லீவ் வருகிறது, மேலே ஏற்றினால் போதும். பள்ளம் கொஞ்சமாக இருந்தால் சீலை ஹவுசிங்கில் ஒரு நூலளவு முன்னே பின்னே உட்கார வைத்தும் தப்பிக்கலாம். சீலின் உதடு ஆயில் இருக்கும் பக்கம் பார்க்கணும். ஷாஃப்ட்டை நுழைக்கும்போது எடையை முழுசும் கையில் தாங்குங்கள். ஷாஃப்ட்டின் உள்நுனியில் இருக்கும் ஸ்பிளைன் பல் சீலின் மேல் இழுபட்டால் அந்த இடத்திலேயே கிழிந்துவிடும்.

டிரம்மைப் பொறுத்தவரை, கடைவதற்கு முன் விட்டம் அளக்கணும். இந்த வகை டிரம்முக்குப் பொதுவாக மூல அளவுக்கு மேல் 0.060 அங்குலம், அதாவது ஏறக்குறைய 1.5 மி.மீ. வரைதான் இடம். டிரம்மில் எல்லை அளவு வார்த்திருந்தால் அதுதான் கணக்கு. ஒரே டிரம்மைப் பல இடத்தில் அளந்து பாருங்கள், நின்ற வண்டியில் டிரம் நீள்வட்டமாகியிருக்கும், பெடலில் துடிப்பு வருவது அதனால்தான். இடதும் வலதும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கட்டும். கடைந்த பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவிக் காய வையுங்கள், வார்ப்பிரும்புத் தூள் புது லைனிங்கில் பதிந்துவிடும்.

நீலவண்டி64:

அண்ணே, நீங்கள் சொன்னது அப்படியே இருந்தது. பித்தளைக் கட்டையின் போல்ட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் துளையே தெரியவில்லை. மெல்லிய கம்பி விட்டுக் குத்தினேன், களிமண் திரி மாதிரி வந்தது. வலது பேரிங்கைச் சுற்றினால் மணல் அரைபடுவது போலச் சத்தம். ஷாஃப்ட்டில் நகம் மாட்டுகிறது, ஸ்லீவ் வாங்கியாச்சு. இரண்டு பக்கமும் பேரிங், சீல், வளையம் எல்லாம் புதுசு, பிரஸ் வேலையை வெளியே கொடுத்துச் செய்தேன்.

ஆனால் பினியன் சீலிலும் லேசாக ஈரம் இருக்கிறது. அதையும் மாற்றலாமா? அப்புறம் புது வீல் சிலிண்டர், புது ஷூ போட்டு, பிரேக் லைனில் இருக்கும் காற்றை வெளியேற்ற ஏர் எடுத்தும் பெடல் பாதிக்கு மேல் கீழே போகிறது. திரும்பத் திரும்ப ஏர் எடுத்துவிட்டேன், குமிழியே வரவில்லை.

பழைய இரும்பு:

குமிழி வரவில்லை என்றால் உள்ளே காற்று இல்லை. ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவில் இடைவெளி அதிகம், பெடலின் பாதி ஓட்டம் ஷூவை நகர்த்தவே செலவாகிறது. புது ஷூ போட்டால் ஏர் எடுப்பதற்கு முன்பே அட்ஜஸ்ட் செய்யணும். பேக்கிங் பிளேட்டின் பின்துளை வழியாக ஷூவை அட்ஜஸ்ட் செய்யும் நட்சத்திரப் பல்லைத் திருப்பு, சக்கரம் கையால் சுற்ற முடியாத அளவு இறுகட்டும். பெடலை ஒரு தடவை அழுத்தி விடு, ஷூ நடுவில் வந்து உட்காரும். அப்புறம் லேசான உரசல் மட்டும் கேட்கும் வரை தளர்த்து. இதைச் செய்யும்போது ஹேண்ட் பிரேக் கேபிள் முழுக்கத் தளர்ந்திருக்கணும். கேபிளை இழுத்து வைத்துக்கொண்டு ஷூவை அட்ஜஸ்ட் செய்தால் எல்லாக் கணக்கும் பொய்.

சின்ன லைனிங் உள்ள ஷூ முன்பக்கம், பெரிய லைனிங் பின்பக்கம். மாறிப் போட்டிருந்தால் பிரேக் பிடிமானமே இருக்காது, இப்போதே சரிபார். பேக்கிங் பிளேட்டில் ஷூவின் ஓரம் சறுக்குகிற மேடுகளையும் பார். அங்கே பள்ளம் விழுந்திருந்தால் ஷூ சிக்கி நிற்கும், பெடலை விட்டாலும் திரும்பாது. வெல்டில் நிரப்பி, மட்டமாக அரத்தால் தேய்த்து, சூடு தாங்கும் கிரீஸை மெல்லிசாகப் பூசு.

மாஸ்டர் சிலிண்டரின் தள்ளுகம்பிக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி இருக்கா என்று கையால் பெடலைத் தொட்டுப் பார். அந்த இடைவெளி இல்லையென்றால் பிரேக் ஆயில் திரும்பும் சின்னத் துளை மூடியே கிடக்கும், ஓட ஓடப் பிரேக் தானாக இறுகும்.

பினியன் சீலை மாற்றலாம், ஆனால் நிதானமாக. டிரம் இரண்டையும் எடுத்துவிடு, ஷாஃப்ட் உள்ளேயே இருக்கட்டும். புரொப்பல்லர் ஷாஃப்ட்டைப் பிரித்த பிறகு, பினியனைச் சுற்ற எவ்வளவு விசை வேண்டியிருக்கிறது என்று அங்குல-பவுண்டு டார்க் ரென்ச்சால் அளந்து எழுதி வை. நட்டு, பினியன், யோக் (புரொப்பல்லர் ஷாஃப்ட் மாட்டும் துண்டு) மூன்றுக்கும் சேர்த்து ஒரு கோடு போடு, நட்டுக்கு வெளியே தெரியும் மரையையும் எண்ணிக்கொள். சீலை மாற்றிய பிறகு நட்டைக் கோடு சேரும் வரை இறுக்கு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக, ஒவ்வொரு தடவையும் அளந்து, பழைய எண்ணிலேயே நிறுத்து. உள்ளே நசுங்கும் குழாய் ஒன்று இருக்கிறது. வெறியோடு இறுக்கினால் அது மேலும் நசுங்கிப் பேரிங்குக்குச் சுமை ஏறும், தளர்த்தினாலும் அது பழைய நீளத்துக்கு வராது.

கடைசியாக, அந்த ஒற்றை அறை மாஸ்டர் சிலிண்டர். எங்கே ஒரு லைன் வெடித்தாலும் நாலு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். அசல்தன்மையை நானும் மதிக்கிறவன்தான், ஆனால் ரோட்டில் ஓடுகிற வண்டி என்றால் இரட்டை அறைக்கு மாற்று. 1967 மாடலில் கம்பெனியே அப்படித்தான் மாற்றினார்கள். நாலு டிரம்முக்கும் ஏற்றதாகப் பார்த்து வாங்கு, டிஸ்க் வண்டியுடையதைக் கொண்டுவந்து மாட்டாதே. லைன் எஃகுக் குழாயாக இருக்கட்டும், நுனி இரட்டை மடிப்பு. சாதாரணச் செம்புக் குழாய் வேண்டாம், நடுவில் வளையம் நசுக்கி இணைக்கும் ஜாயின்டும் வேண்டாம். பின்னால் தொங்கும் ரப்பர் ஹோஸையும் மாற்று. வெளியே நன்றாக இருந்தாலும் உள்ளே வீங்கி அடைத்திருக்கும்.

நீலவண்டி64:

அட்ஜஸ்ட் செய்ததும் பெடல் மேலேயே நிற்கிறது. ஷூ சரியான பக்கம்தான் இருக்கிறது, பள்ளம் விழுந்த மேடுகளை நிரப்பிவிட்டேன். இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டருக்குச் சொல்லியிருக்கிறேன், அது வரும் வரை வண்டி ஷெட்டை விட்டு வெளியே வராது. முதல் ஓட்டத்தில் என்ன பார்க்கணும் அண்ணே?

பழைய இரும்பு:

நல்லது. அந்த மாஸ்டர் சிலிண்டரை வண்டியில் ஏற்றுவதற்கு முன் வைஸில் பிடித்து, அதன் காற்றை அங்கேயே எடுத்துவிடு. ஏற்றின பிறகு வெகுதூரச் சக்கரத்திலிருந்து ஆரம்பித்து ஏர் எடு.

முதல் ஓட்டத்தில் மிதமான வேகத்திலிருந்து நிதானமாகப் பிடித்து விடு, நடுவில் ஆறவிடு, அப்போதுதான் புது லைனிங் டிரம்மோடு பொருந்தும். சக்கரம் பூட்டுகிற மாதிரி மிதிக்காதே. நிறுத்தினதும் நாலு டிரம்முக்குப் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ச் சூட்டைப் பார், தொட்டுவிடாதே. பின்னிரண்டும் ஏறக்குறைய ஒரே சூடாக இருக்கணும். ஒன்று மட்டும் அதிகமாகச் சுட்டால் அந்தப் பக்கம் ஷூ உரசுகிறது அல்லது ஹேண்ட் பிரேக் கேபிள் உள்ளே துருப்பிடித்துத் திரும்பாமல் நிற்கிறது. நின்ற வண்டியில் பெரும்பாலும் கேபிள்தான். அப்புறம் ஃபிளாஞ்சுத் துளை வழியாக அந்த நாலு நட்டையும் திரும்ப ஒரு தடவை இறுக்கிப் பார்த்துவிடு, கேஸ்கெட் உட்கார்ந்ததும் சிலது தளரும்.

லேத்காரன்:

வீல் நட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைந்த டிரம், புதுசாகச் சுத்தம் செய்த ஃபிளாஞ்சு, இரண்டும் முதல் ஓட்டத்தில்தான் நன்றாக ஒட்டி உட்காரும்.