ஏர்கோன் குளிர்ச்சிக் கணக்கு: காற்றளவில் உதவி வேண்டும்

வணக்கம் உறவுகளே. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், தோட்டப் பிள்ளைகள் படிக்கும் டியூசன் அறையில் 1 குதிரைசக்தி ஏர்கோன், இன்வெர்ட்டர் இல்லாதது. குளிர்விக்கும் அளவு மணிக்கு 9,000 பி.டி.யூ, அதாவது 2.64 கிலோவாட். உண்மையில் எவ்வளவு தருகிறது என்று அளந்தோம்.

20 நிமிடம் ஓடவிட்டு, மேலே உள்ளே போகும் காற்று 29 டிகிரி, கீழே வெளிவருவது 20. காற்றோட்டம் விநாடிக்கு 0.13 கனமீட்டர். ஒரு கனமீட்டர் காற்றை ஒரு டிகிரி குளிர்விக்க 1.2 கிலோஜூல். ஆக 1.2 × 0.13 × 9 = 1.4 கிலோவாட். இத்தோடு நிறுத்தினால் கணக்கு பொய். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஈரத்தை இறக்கவே ஒரு நல்ல பங்கு போகும். வடிகுழாயில் வாளி வைத்ததில் ஒரு மணி நேரத்தில் 1.2 லிட்டர். ஈரம் நீராக மாற லிட்டருக்கு 0.68 கிலோவாட்-மணி வீதம் 0.8 கிலோவாட். மொத்தம் 2.2. கரண்ட் 860 வாட். ஆகக் குளிர்ச்சியைக் கரண்டால் வகுத்த திறன் 2.6தான்.

2.64 என்ற சோதனைக்கூட அளவு உள்ளே 27, வெளியே 35 டிகிரியில் எடுப்பது. இங்கே வெளியே 32தான். குறையக் காரணமே இல்லை.

கேஸ் குறைந்தால் காயிலின் (உள்ளே காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச்சுருள்) ஒரு பகுதிதான் வியர்க்கும். இங்கே முழுவதும் வியர்க்கிறது. ஃபில்டர் கழுவியாயிற்று, புளோவர் உருளையின் இதழ்களுக்கிடையே கறுப்புப் பாசி அப்பியிருக்கிறது. சந்தேகம் அதன்மேல்தான்.

ஆனால் காற்றோட்டக் கணக்குக்கு அளந்த காற்றுவேகம், காற்று வெளிவரும் வாயின் நடுவில் ஒன்று, ஓரத்தில் பாதி. எத்தனை இடத்தில் அளந்து சராசரி எடுப்பீர்கள்? காற்றின் ஈரத்தை அறிய ஈரக்குமிழ் வெப்பமானி இரவல் தர ஈப்போ பக்கம் யாராவது இருக்கிறீர்களா? உருளையைக் கழற்றுமுன் ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.