ரிப்பீட்டருக்குள் இருக்கும் தேதிப்படி பட்டியலை வரிசைப்படுத்துவது எப்படி?

வேர்ட்பிரஸ் தளம், ஏசிஎஃப் புரோ (பதிவுகளுக்குக் கூடுதல் புலங்கள் சேர்க்கும் பிளகின்). ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு ரிப்பீட்டர் (வரி வரியாகச் சேர்த்துக்கொண்டே போகும் புலம்), அதற்குள் பல தேதிகள். அடுத்து வரும் தேதிப்படி பட்டியல் வர வேண்டும், மூன்று நாளாக இதிலேயே நிற்கிறேன்.

ரிப்பீட்டர் தேதிகள்_0_தொடக்கம், தேதிகள்_1_தொடக்கம் என்று வரிக்கு ஒரு மெட்டா கீயாகச் (பதிவின் கூடுதல் தகவலுக்கான பெயர்) சேமிக்கிறது, அதனால் 0 வரியை ஆர்டர்பையில் (எதை வைத்து வரிசைப்படுத்துவது என்று சொல்லும் இடம்) கொடுத்தேன்: அதில் பழைய தேதி இருந்தால் வரிசை குழம்புகிறது, தேதியே போடாத நிகழ்ச்சி பட்டியலிலிருந்தே காணாமல் போகிறது (இதுதான் ரொம்பப் படுத்துகிறது). கீயை லைக் (பெயரின் ஒரு பகுதி பொருந்தினாலே எடுக்கும் தேடல்) போட்டுத் தேடினால் ஒரே நிகழ்ச்சி இரண்டு மூன்று முறை வருகிறது. அப்புறம், ஒரு பக்கத்துக்கு வந்த 12 பதிவுகளை பிஎச்பியில் யூசார்ட் (வரிசைப்படுத்தும் ஃபங்ஷன்) செய்தேன். அந்தப் பக்கம் மட்டும் சரி, அடுத்த பக்கத்தில் கலைந்துவிடுகிறது. தேதிகள் 20250314 மாதிரி எட்டு இலக்கம்தான், அதில் சிக்கல் இல்லை.

சேமிக்கும்போதே அடுத்த தேதியைத் தனி மெட்டாவில் எழுதிவிட்டால், அது கடந்ததும் தானாகப் புதுப்பிக்க என்ன வழி?