ஓபி சீட்டுக்குப் பதில் கணினி: கிராமத்துக்கு இது சரிப்பட்டு வருமா?

வைகைக்கரை:
எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை, பிரஷர் நோயாளிகளின் நோட்டுகளை வாங்கி, விவரங்களைக் கணினியில் ஏற்றுகிறார்கள். இனிமேல் ஆபா எனும் 14 இலக்க சுகாதார அடையாள எண்ணைச் சொன்னால் போதுமாம், பழைய விவரமெல்லாம் வந்துவிடுமாம். ஊரில் பாதிப் பேருக்கு இது பிடிக்கவில்லை. நான் ஆதரிக்கிறேன். காரணம் என் அப்பா.

அவருக்குப் பதினைந்து வருடமாகச் சர்க்கரை. சீட்டெல்லாம் ஒரு மஞ்சள் பையில் கிடக்கும். போன வருடம் கால் வீங்கி, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அங்கிருந்த டாக்டர் பையைக் கவிழ்த்து, சீட்டுகளைத் தேதிவாரியாக மேசையில் அடுக்கினார். சிறுநீரகம் கெடக் கெட ஏறும் கிரியாட்டினின் அளவு 1.1, அடுத்தது 1.4, அப்புறம் 1.9. மூன்றும் மூன்று இடத்தில் எடுத்தவை. ஒவ்வொரு டாக்டரும் தன் முன்னால் இருந்த ஒரு சீட்டை மட்டும்தான் பார்த்திருக்கிறார். நடுவில் மூட்டுவலிக்கு மாதக்கணக்கில் டைக்ளோஃபினாக், சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய வலி மாத்திரை, வேறு ஓடியிருக்கிறது. அந்த மூன்று எண்ணும் ஒரே திரையில் தெரிந்திருந்தால், சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருப்பவருக்கு அந்த மாத்திரையை யார் எழுதியிருப்பார்கள்?

கிராம செவிலியர்:
தம்பி, அப்பாவுக்கு இப்போது பரவாயில்லையா? நீங்கள் சொல்வது நியாயம்தான். ஆனால் அந்த எண்ணைத் திரையில் ஏற்றுவது யார் என்று யாரும் கேட்பதில்லை. சமவெளியில் 5000 பேருக்கு ஒரு கிராம சுகாதார செவிலியர் என்பது கணக்கு. ஒரு கர்ப்பிணியைப் பார்த்தால் தாய்ப் பதிவேட்டில் எழுத வேண்டும், அவர் கையில் இருக்கும் அட்டையில் எழுத வேண்டும், அப்புறம் அதையே பிக்மி என்ற அரசின் கர்ப்பிணிப் பதிவு இணையதளத்தில் ஏற்ற வேண்டும். பிக்மி எண் இல்லாமல் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் 18,000 ரூபாய் உதவி நகராது. பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண்ணைக் கேட்கிறார்கள். அதனால் ஒரு எழுத்துகூடத் தப்பக் கூடாது.

போன வாரம் ஒரு பெண்ணுக்கு ஆபா எண் போட உட்கார்ந்தேன். ஓடிபி அவர் கணவர் போனுக்குப் போகிறது. அவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார், ஷிப்டில் போனை எடுக்கவில்லை. மூன்று தடவை முயன்றோம். அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தே இருந்தார். கடைசியில் பிரஷர் பார்த்து அனுப்பிவிட்டு, பதிவை இரவு எட்டரைக்கு மொட்டைமாடியில் நின்று முடித்தேன். சிக்னல் அங்கேதான் கிடைக்கிறது.

பிஎச்சி டாக்டர்:
சிஸ்டர், இரட்டை வேலை என்பதை நான் மறுக்கவில்லை. எங்கள் நிலையத்தில் திங்கட்கிழமை 250 ஓபி தாண்டும். ஒருவருக்கு இரண்டு நிமிடம்கூட வராது. தட்டச்சுக்கு ஆள் இல்லாமல் கணினியை மட்டும் வைத்தால் நானும் நோயாளியின் முகத்தைப் பார்க்க மாட்டேன்.

ஆனால் ஒன்று யோசியுங்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீட்டுக்கே போகிறது. அதில் யார் இடையிலே நிறுத்திவிட்டார், யார் ஊர் மாறிப் போனார் என்பதை எதை வைத்துப் பிடிப்பது? நோயாளி நோட்டோடு வந்தால்தான் எனக்கு அவரைத் தெரியும். வராமல் போனவருடைய நோட்டு அவர் வீட்டு அலமாரியில் இருக்கிறது. பக்கவாதம் வந்து தூக்கிக்கொண்டு வரும்போதுதான், ஆறு மாதமாகப் பிரஷர் மாத்திரை போடவில்லை என்று சொல்கிறார்கள்.

கிராம செவிலியர்:
யார் வரவில்லை என்று எனக்குத் தெரியும் டாக்டர். தெருவில் நடந்தாலே சொல்லிவிடுவார்கள்.

பிஎச்சி டாக்டர்:
உங்களுக்குத் தெரியும். உங்களை இடம் மாற்றினால் அடுத்து வருகிறவருக்கு?

சர்வர்ரூம்:
நான் மென்பொருள் துறையில் இருப்பவன், இருந்தும் அவசரப்பட வேண்டாம் என்கிறேன். 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் சர்வர்களை ரான்சம்வேர், அதாவது கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ், முடக்கியது. நாட்டின் முதல்தர மருத்துவமனை, ஏறக்குறைய இரண்டு வாரம் கையால் எழுதி வண்டியை ஓட்டியது. அங்கே பேனாவும் பேப்பரும் எடுத்துச் சமாளிக்க ஆள் இருந்தது. பழைய நோட்டையெல்லாம் கட்டி எடைக்குப் போட்டுவிட்ட ஒரு கிராமத்து நிலையம் என்ன செய்யும்?

அடுத்து ரகசியம். 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், மருத்துவத் தகவலுக்கென்று கூடுதல் பாதுகாப்புள்ள தனிப் பிரிவு கிடையாது. முந்தைய வரைவுகளில் இருந்தது, கடைசியில் எடுத்துவிட்டார்கள். எனக்கு இதுதான் பெரிய கவலை.

கிராம செவிலியர்:
இவர் சொல்வதை நான் தினமும் பார்க்கிறேன். கல்யாணம் ஆகாத பெண் நாள் தள்ளிப்போய் என்னிடம் வந்தால், முதல் வார்த்தையே “அக்கா, எழுதாதீங்க” என்பதுதான். என் பதிவேடு பூட்டிய பீரோவில் இருக்கும், சாவி என்னிடம். கணினியில் ஏற்றும் தற்காலிக ஊழியர் அதே ஊர்க்காரராக இருந்தால்? அந்தப் பெண் அடுத்த முறை என்னிடம் வர மாட்டாள், தெரியாத இடத்தில் போய் மாத்திரை வாங்குவாள். அதில் உயிரே போகலாம்.

வைகைக்கரை:
அக்கா, இதை நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. என் அப்பாவின் சர்க்கரையைப் பற்றி ஊருக்கே தெரியும், அதில் மறைக்க ஒன்றுமில்லை. எல்லா நோயும் அப்படி இல்லை என்பது சரிதான். அப்படியானால் சர்க்கரை, பிரஷர், சிறுநீரகம் இதை மட்டும் முதலில் ஏற்றலாமே? ஆனால் நிறுத்திவைப்பதற்கு நான் ஒப்ப மாட்டேன். ஒவ்வொரு வருடம் தள்ளும்போதும் யாரோ ஒருவருக்கு 1.4 வந்து 1.9 ஆகிக்கொண்டிருக்கிறது.

பிஎச்சி டாக்டர்:
அது நடக்கக்கூடியது. யார் எந்தப் பக்கத்தைத் திறந்தார் என்பதும் பதிவாக வேண்டும், அது மென்பொருளில் செய்ய முடிந்த வேலைதான். மருந்து விஷயத்தையே பாருங்கள். 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் ஆரம்பித்து, கிடங்குக் கணக்கைக் கணினியில் கொண்டுவந்தார்கள். எந்த மாவட்டத்தில் எந்த மாத்திரை எவ்வளவு இருக்கிறது என்று அதில் தெரிகிறது. அதைத் திரும்பப் பேப்பருக்கு மாற்றுங்கள் என்று யாராவது கேட்கிறோமா?

கிராம செவிலியர்:
மாத்திரைப் பெட்டி “எழுதாதீங்க” என்று சொல்லாது டாக்டர்.

சரி, நானும் முடியவே முடியாது என்று நிற்கவில்லை. எனக்கு ஒன்றே ஒன்று வேண்டும். கணினியில் ஏற்றிய விவரத்தைத் திரும்பப் பதிவேட்டில் எழுத வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டு ஒரு உத்தரவு கொடுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னால் போதாது, ஆய்வுக்கு வருகிற அதிகாரி முதலில் கேட்பதே பதிவேட்டைத்தான். சர்வர் படுத்தால் சமாளிக்க, மாதம் ஒரு தடவை பட்டியலை அச்செடுத்து பீரோவில் வைத்துக்கொள்கிறேன். அவ்வளவுதான். இரட்டை எழுத்து இல்லாமல் மிச்சமாகும் ஒரு மணி நேரத்தில் இன்னும் நான்கு வீடு பார்ப்பேன்.

பிஎச்சி டாக்டர்:
அந்த உத்தரவு போட எனக்கு அதிகாரம் இல்லை, மாவட்ட சுகாதார அலுவலர்தான் போட வேண்டும். அடுத்த மாத ஆய்வுக் கூட்டத்தில் எழுத்துமூலம் கேட்கிறேன். எந்தெந்தப் பதிவேட்டில் ஒரே விவரம் திரும்பத் திரும்ப வருகிறது என்று நீங்கள் ஒரு பட்டியல் போட்டு அனுப்புங்கள் சிஸ்டர், அதைக் கூடவே இணைக்கிறேன்.

கிராம செவிலியர்:
இன்றைக்கு ராத்திரியே அனுப்புகிறேன்.