மார்ட்டி ஏன் சரின்னு சொன்னா?

சித்தி: எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ஜேனட் ஓக் எழுதின ‘லவ் கம்ஸ் சாஃப்ட்லி’ நாவலைப் படிச்சு முடிச்சாச்சு. யார் யார் படிச்சீங்க?

அக்கா: நான் நாலஞ்சு அத்தியாயத்தோட மூடி வச்சிட்டேன் சித்தி. கதாநாயகி மார்ட்டி புருஷனை அடக்கம் பண்ணின அன்னிக்கே, கிளார்க்னு முன்பின் தெரியாத ஒருத்தன் வந்து கட்டிக்கோன்னு கேக்கிறான். இவளும் சரிங்கிறா. மனசு ஒப்பலை.

சித்தி: அவ நிலைமையைப் பாரும்மா. அமெரிக்காவில ஜனங்க மாட்டு வண்டி, குதிரை வண்டின்னு மேற்கே வந்த காலம். கண்டத்துக்குக் குறுக்கே ரயில் முடிஞ்சதே 1869-லதான். வயித்துல பிள்ளை, கையில காசு இல்லை, குளிர்காலம் வேற வருது. எங்கே போவா?

சித்தி: கிளார்க்கும் காதல் வசனம் பேசலை. தாயில்லாப் பிள்ளை மிஸ்ஸியைப் பாத்துக்க ஆள் வேணும், அதை நேராச் சொல்றான். பிடிக்கலைன்னா ஊருக்குத் திரும்பிப் போக வண்டிச் செலவு தர்றேன், மிஸ்ஸியை மட்டும் கூடக் கூட்டிட்டுப் போங்கிறான். வீட்டை அவளுக்கு விட்டுட்டு இவன் சாய்ப்புல படுத்துக்கிறான். அந்த மரியாதைதான் எனக்குக் கதையே.

அண்ணி: சமைக்கத் தெரியாம வேளா வேளைக்கு பான்கேக் சுட்டுப் போடுவாளே! அவன் முகம் சுளிக்காம சாப்பிடுவான் ❤️

பெரியம்மா: போதகர் உடனே எப்படிக் கிடைச்சார்?

சித்தி: அங்கே ஊருக்கு ஒரு போதகர் கிடையாது பெரியம்மா. குதிரையில சுத்தி வர்ற ஊழியக்காரர்தான். அவர் போயிட்டா அடுத்து எப்போ வருவாரோ! கல்யாணம், ஞானஸ்நானம் எல்லாம் அவர் வர்றப்போ முடிச்சாகணும்.

மாமா: சட்டத்தையும் சேத்துப் பாக்கணும். 1862-ல லிங்கன் கையெழுத்துப் போட்ட ஹோம்ஸ்டெட் சட்டம். 160 ஏக்கர் அரசு நிலம், அஞ்சு வருஷம் குடியிருந்து பயிர் பண்ணினா பட்டா. 21 வயசான தனிப்பெண்ணும் விதவையும் தன் பேர்லயே மனு போடலாம். புருஷன் இருக்கிறவ போட முடியாது.

அக்கா: அப்போ கல்யாணத்துக்கு முன்னாடி ஒருத்தி யோசிக்க வேண்டியது நிறைய இருந்திருக்கு மாமா. அப்படி ஒரு கதை இருந்தா நான் முதல்ல படிப்பேன்.

மாமா: நிலம் கிடைச்சாலும் லேசு இல்லை. நெப்ராஸ்காவில மரம் ரொம்ப அபூர்வம். புல் வேரோட மண்ணைக் கட்டி கட்டியா வெட்டி அடுக்கித்தான் வீடு. மழை பெஞ்சா கூரையில இருந்து சேறு ஒழுகும். அந்த வீட்டுக்குள்ளதான் குடும்ப ஜெபம்.

தம்பி: எல்லாம் சரி. அது யார் நிலம்? பல நாவல்கள்ல அங்கே ஏற்கெனவே வாழ்ந்த ஜனங்களே கண்ணுல படுறதில்லை. ஆளில்லாத கானான் மாதிரி எழுதுறாங்க. எனக்கு அது வலிக்குது.

சித்தி: நீ சொல்றது நியாயம்டா. அதனாலதான் நான் நார்சிசா விட்மன் கதையைச் சொல்லணும்னு இருந்தேன். இது நிஜம். அவளுக்கு மிஷனரியாப் போக ஆசை, தனிப்பெண்ணை அனுப்ப சங்கம் தயங்குச்சு. டாக்டர் மார்கஸ் விட்மனுக்கும் மனைவியோட போனாத்தான் நல்லதுன்னு ஆச்சு. 1836 பிப்ரவரியில கல்யாணம், முடிஞ்ச கையோட பயணம். அந்த வருஷமே ராக்கி மலையைத் தாண்டினா. இன்னொரு மிஷனரியோட மனைவி எலைசா ஸ்பால்டிங்கும் கூட.

சித்தி: அனுப்பின சங்கம் எது தெரியுமா? 1816-ல யாழ்ப்பாணத்துக்கும் 1834-ல நம்ம மதுரைக்கும் மிஷனரிகளை அனுப்பின அதே அமெரிக்கன் போர்டு.

பெரியம்மா: அட ஆண்டவரே! நம்ம மதுரை மிஷனா?

சித்தி: ஆமா. 1839-ல அவளோட ரெண்டு வயசு மகள் ஆலிஸ் ஆத்துல மூழ்கிட்டா. வேற பிள்ளை பிறக்கலை, அநாதைப் பிள்ளைகளை எடுத்து வளர்த்தா. 1847-ல தட்டம்மை வந்து, அவங்க ஊழியம் பண்ணின கயூஸ்ங்கிற பூர்வகுடி ஜனங்கள் கூட்டம் கூட்டமாச் செத்தாங்க. வெள்ளைக்காரப் பிள்ளைகள் பலர் பிழைச்சுக்கிட்டாங்க. வைத்தியம் பண்ணினது விட்மன், சந்தேகம் அவர் மேல விழுந்துச்சு. நவம்பர்ல ரெண்டு பேரையும் கொன்னுட்டாங்க.

தம்பி: பிள்ளைகளைப் பறிகொடுத்த கயூஸ் தாய்மாரையும் சேத்து எழுதினாத்தான் அந்தக் கதை முழுசாகும் சித்தி.

சித்தி: கட்டாயம். விசுவாசக் கதைன்னா அந்தத் துக்கத்தையும் தாங்கணும். மார்ட்டி கதையில துக்கத்தை அவசரப்படுத்தவே இல்லை, அதனாலதான் அது என்னைப் பிடிச்சு இழுத்துச்சு. 1979-ல வந்த புத்தகம், ஓக் கனடா ஆல்பர்ட்டாவில விவசாயி வீட்டுப் பொண்ணு, மண்ணு வேலை தெரிஞ்ச கை.

அக்கா: சரி சித்தி, விட்ட இடத்துல இருந்து படிக்கிறேன். நார்சிசாவோட கடிதங்கள் புத்தகமா இருக்கா?

சித்தி: அச்சுல வந்திருக்கு. அம்மாவுக்கு எழுதினது, வழியில எழுதின நாட்குறிப்பு எல்லாம். முதல்ல அதைப் படி, பிறகு மார்ட்டியை எடு.

பெரியம்மா: ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு என் வீட்டுக்கு எல்லாரும் வாங்க. எனக்குக் கண்ணு தெரியலை, யாராவது வாசிச்சுக் காட்டணும்.

தம்பி: நான் வாசிக்கிறேன் பெரியம்மா.