டர்பன் குடும்பத்தின் வரவேற்பு பற்றி: எந்த வீட்டு வாரிசு என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம்

அன்புள்ள ஊர்ச் சொந்தங்களுக்கு வணக்கம்.

பொங்கலுக்கு டர்பனிலிருந்து நம் ஊருக்கு வரவிருக்கும் குடும்பத்தைப் பற்றிக் குழுவில் வந்த மடல்களை எல்லாம் படித்தேன். செயலாளர் அண்ணன் மேளதாளத்துக்கே ஏற்பாடு செய்துவிட்டார். துபாயிலிருந்து எழுதிய தம்பி, அவர்கள் கீழத் தெருவில் எந்த வீட்டு வாரிசு என்றே சொல்லிவிட்டார். முன்பின் தெரியாத ஒரு குடும்பத்துக்காக ஊரே இப்படி எதிர்பார்த்திருப்பது எனக்கு மிகவும் மகிழ்ச்சி. ஆனால் "இன்னார் வீட்டு வாரிசுகளை வரவேற்கிறோம்" என்று எழுதவோ பேசவோ வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இங்கே டர்பனில் அவர்களோடு உட்கார்ந்து, கப்பலேறி வந்த அவர்கள் முன்னோரைப் பற்றிய காகிதங்களைப் பார்த்தவள் நான். அவை நம்மை அத்தனை தூரம் கொண்டுபோகவில்லை.

கையில் இருப்பதைச் சொல்கிறேன். 1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று முதல் 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் அன்றைய பிரிட்டிஷ் காலனியான நேட்டாலுக்கு வந்தார்கள். பெரும்பாலோர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண். அந்த எண்ணுக்கு எதிரே பெயர், தந்தை பெயர், வயது, சாதி, உயரம், உடல் அடையாளம், ஜில்லா, தாலுகா, கிராமம் எல்லாம் பதிவாயின. அந்த எண் சாகும்வரை மனிதரை விடவில்லை.

இந்தக் குடும்பத்துக்கு எண் கிடைத்தது ஒரு திருமணச் சான்றிலிருந்து. 1913-இல் கேப் உச்ச நீதிமன்ற நீதிபதி சேர்ல், கிறித்தவ முறைப்படி நடவாத திருமணங்கள் செல்லாது என்ற பொருள்படத் தீர்ப்பளித்தார். காந்தியின் சத்தியாக்கிரகத்தில் பெண்கள் இறங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். 1914-இல் வந்த சட்டம் இந்தியத் திருமணங்களைப் பதிந்துகொள்ள வழி செய்தது. கப்பலில் வந்த இந்தக் குடும்பத்தின் முன்னோர் தம்பதி, பேரப்பிள்ளை கண்ட பிறகு தங்கள் திருமணத்தைப் பதிந்திருக்கிறார்கள். கொள்ளுப்பேத்தியான ஓய்வுபெற்ற ஆசிரியை அந்தத் தாளை ஒரு பிஸ்கட் டப்பாவில் பாதுகாத்து வைத்திருந்தார். இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தால் வீட்டை விட்டு, டர்பனுக்கு வெளியே இந்தியர்களுக்கென ஒதுக்கிய சாட்ஸ்வர்த்துக்குத் துரத்தப்பட்டபோதும் அது தொலையவில்லை என்று அவர் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

எண்ணை வைத்துக் கப்பல் பதிவைப் பார்த்தோம். 1880-களின் பிற்பகுதி. ஆணுக்கு வயது 22, ஜில்லா வட ஆர்க்காடு. கிராமத்தின் பெயர் நம் ஊர்ப் பெயர்போல ஒலிக்கிறது. தாலுகாவுக்கான இடத்தில் எழுத்து அழிந்திருக்கிறது.

இங்கேதான் நிதானம் வேண்டும். அன்றைய வட ஆர்க்காடு இன்றைய வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் மட்டும் அன்று. 1911 வரை அதன் தலைநகரே சித்தூர். திருப்பதியும் காளஹஸ்தியும் அதற்குள்தான் இருந்தன. நம் ஊர்ப் பெயரில் அந்தப் பரப்பில் மூன்று ஊர்களாவது இருக்கின்றன, அவற்றில் ஒன்று இன்று ஆந்திரத்தில். எழுத்தர் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதினார், சொன்னவருக்கோ அதைப் படித்துத் திருத்தும் வாய்ப்பு இல்லை. தந்தை பெயர் முனுசாமி. வட ஆர்க்காட்டில் முனுசாமி இல்லாத தெரு உண்டா?

துபாய்த் தம்பி அவர்களுடைய குடும்பப் பெயரை வைத்துத் தெருவைச் சொல்லியிருக்கிறார். அது கூடவே கூடாது. நாயுடு, பிள்ளை, முதலியார், கவுண்டர் என்ற பட்டங்களெல்லாம் இந்தத் தென்னாப்பிரிக்காவில் குடும்பப் பெயர்களாக நிலைத்துவிட்டன. கப்பல் பதிவில் ஒரு சாதியும் பிள்ளைகளின் பதிவில் வேறொரு பட்டமும் இருப்பதை இங்கே பல குடும்பங்களில் காணலாம். ஊரில் தலை நிமிர விடாத ஒன்றைக் கடலில் விட்டுவிட்டு வந்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அதைத் தோண்டி எடுத்து அவர்களை ஒரு தெருவில் நிறுத்தும் வேலை நம் சங்கத்துக்கு வேண்டாம். அந்த அம்மையார் தம் முன்னோரின் சாதிக் கட்டத்தைப் படித்துவிட்டார், மறைக்கவும் இல்லை. ஆனால் அதைச் சொல்வதும் சொல்லாததும் அவர் விருப்பம்.

சிங்கப்பூர் அக்கா மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பார்க்கலாமே என்று கேட்டிருந்தார். 1871, 1881, 1891 கணக்கெடுப்புகளில் நமக்குக் கிடைப்பது தொகைகள்தாம், வீடுவாரியான பெயர்கள் இல்லை. நேட்டாலின் 1904 கணக்கெடுப்பு அறிக்கையும் அப்படித்தான். இந்தியர் ஒரு லட்சத்தைத் தாண்டி வெள்ளையரை விஞ்சிவிட்டதை அது காட்டும், நம் ஆளைக் காட்டாது. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் நிலவரித் திட்டப் பதிவேடுகளைப் பார்க்கலாம், ஆனால் அவற்றில் இருப்பது பட்டாதாரர் பெயர். கையில் காணி இருந்தவர் எத்தனை பேர் கரும்புத் தோட்டக் கூலிக்குக் கப்பல் ஏறியிருப்பார்?

எல்லோரும் அந்த ஆணைப் பற்றியே எழுதுகிறீர்கள். அவரோடு வந்த பெண்ணைப் பற்றி ஒரு மடலும் இல்லை. அவரும் இவர்களுக்கு அதே அளவு முன்னோர்தாம், அவருக்கும் தனி எண் உண்டு. நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்களாவது இருக்க வேண்டும் என்பது அன்றைய விதி. கூலிகளைத் தங்கவைத்த சென்னை டிப்போவில் கப்பலுக்குக் காத்திருந்த நாட்களில் சேர்ந்த தம்பதிகளும் உண்டு. இந்தப் பெண்ணின் ஊர் நம் ஊரே இல்லை. திருவண்ணாமலைப் பக்கத்துச் சேத்துப்பட்டுக்கு அருகே ஒரு சிற்றூர், அவருடைய பதிவில் தாலுகாவும் தெளிவாக இருக்கிறது. சாதிக் கட்டத்தில் 'கிறித்தவர்' என்று எழுதியிருக்கிறது. அந்தக் குடும்பத்தின் ஒரு கிளை இன்றும் மாதா கோயிலுக்குத்தான் போகிறது.

என் கணிப்பில் உறுதியாகப் பிடிக்கக்கூடிய இழை இதுதான். அவருக்கு வயது 20 என்பது சரியானால், 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் எட்டு, ஒன்பது வயதுச் சிறுமி. அந்த ஆண்டுகளில் சேத்துப்பட்டுப் பக்கம் பிரெஞ்சு கத்தோலிக்கக் குருவான தாராஸ் அடிகளாரிடம் ஏராளமானோர் ஞானஸ்நானம் பெற்றார்கள். கத்தோலிக்க ஞானஸ்நானப் பதிவேடு லத்தீனில் இருக்கும். பெற்றோர் பெயர், ஞானப் பெற்றோர் பெயர், ஊர் என்று கப்பல் பதிவைவிட அதிகம் தரும். ஆனால் 'கிறித்தவர்' என்ற சொல் எந்தச் சபை என்று சொல்லவில்லை. 1853 முதல் ஸ்கடர் சகோதரர்களின் அமெரிக்க ஆர்க்காடு மிஷன் என்ற புராட்டஸ்டண்ட் சபையும் நம் மாவட்டத்தில் இருந்தது. இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும்.

ஆகவே ஊரில் இருப்பவர்களிடம் என் வேண்டுகோள் இது. சேத்துப்பட்டில் உறவுள்ளவர்கள் பங்குத்தந்தையைச் சந்தித்து, 1875 முதல் 1888 வரையான பதிவேடுகள் பங்கிலேயே இருக்கின்றனவா, வேறிடத்துக்குப் போய்விட்டனவா என்று கேட்டுச் சொல்லுங்கள். அனுமதி இல்லாமல் கைபேசியில் படம் எடுக்காதீர்கள், அந்தத் தாள்கள் தொட்டால் நொறுங்கும். வேலூரில் இருக்கும் பெரியப்பா, மிஷன் சபைகளின் பழைய பதிவேடுகளை யாரிடம் கேட்க வேண்டும் என்று விசாரித்தால் பேருதவி. பெண்ணின் பெயர், தந்தை பெயர், ஊர், வயது ஆகிய நான்கும் தேடுபவர்களுக்குத் தனி மடலில் தருகிறேன். குழுவில் போட வேண்டாம் என்று குடும்பத்தார் கேட்டிருக்கிறார்கள்.

தந்தை பெயரும் ஊரும் பொருந்தினால் "ஏற்கத்தக்கது" என்று எழுதுவோம். பெயர் மட்டும் பொருந்தினால் "ஐயம்" என்று எழுதிவைப்போம். எதுவும் கிடைக்காவிட்டால் அதையும் அவர்களிடம் சொல்லிவிடுவோம். அந்த அம்மையார் இதை எதிர்பார்த்தே வருகிறார். தை முதல் நாள் நம் ஊரில் பொங்கல் வைத்துவிட்டு, மறுநாள் சேத்துப்பட்டுக்குப் போக வேண்டும் என்கிறார். கார் ஏற்பாட்டைச் செயலாளர் அண்ணன் இதிலேயே சேர்த்துக்கொண்டால் நல்லது. மார்கழி பிறப்பதற்குள் பதில் எழுதுங்கள்.

அன்புடன்,
தபால்காரர் வீட்டுப் பேத்தி,
டர்பன்